வீட்டில் ஒரு சிறு பவளத் தொட்டி: முதல் ஆண்டுக்கான முழுமையான வழிகாட்டி

நூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பதிலுள்ள சிரமம் முழுவதும் அந்த 100 என்ற எண்ணில்தான் இருக்கிறது. கடலில் பவளம் வாழும் இடத்தில் உப்பளவும் வெப்பமும் காரத்தன்மையும் ஒரு நாளில் மிகச் சிறிதளவே மாறுகின்றன. அந்த நிலைத்தன்மையை நம்பியே அங்குள்ள உயிர்கள் உருவாகியிருக்கின்றன. வீட்டுத் தொட்டியிலோ இரண்டு லிட்டர் நீர் ஆவியானாலும், ஒரு சிட்டிகை தீனி கூடுதலாக விழுந்தாலும், மதியம் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றாலும் அதன் விளைவு அன்றே தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி மீன்களிலிருந்து தொடங்காமல் நீரிலிருந்து தொடங்குகிறது. சென்னை போன்ற வெப்பமான கடற்கரை நகரத்தில், முதல்முறையாக ஒரு சிறு தொட்டியை அமைப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

பொருட்களை வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001இல் சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகளும் கடலட்டைகளும் அதே ஆண்டில் அந்த அட்டவணைக்குள் வந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை இது. உயிரோடு இருப்பதை மட்டுமின்றி, கரையில் ஒதுங்கிய வெள்ளைப் பவளத் துண்டை எடுத்து வருவதும் குற்றமாகவே கருதப்படும். 'லைவ் ராக்' என்ற பெயரில் கடலிலிருந்து பெயர்த்து விற்கப்படும் பாறை பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான் என்பதால் அதையும் வாங்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை ஒரு தடையாக நான் பார்க்கவில்லை. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில், மீனவர்கள் 'பார்' என்று அழைக்கும் பவளத் திட்டுகள் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. எஞ்சியவை 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளிறிப் பெருமளவு மடிந்தன. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் இன்று இருப்பது அதன் மிச்சமே. அதிலிருந்து ஒரு கைப்பிடிகூட நம் வரவேற்பறைக்கு வர வேண்டியதில்லை. கல் பவளங்கள் அனைத்தும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) கட்டுப்பாட்டிலும் உள்ளன. எனவே இறக்குமதிச் சரக்கு என்று கடைக்காரர் சொல்லும் வாய்மொழி மட்டும் போதாது. இந்த வழிகாட்டியில் வருபவை தொட்டியில் வளர்த்து வெட்டிப் பிரித்த மென்பவளங்கள் மட்டுமே. எதை வாங்கினாலும் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் வாங்கும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

தொட்டியும் அதன் இடமும்

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டி 108 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக, விளிம்புக்குக் கீழே சிறிது இடமும் விட்டால் உண்மையான நீர் ஏறத்தாழ 85 லிட்டர். இதற்கும் சிறிய தொட்டிகள் விற்கப்படுகின்றன. முதல் தொட்டிக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயரம் மிகுந்த தொட்டியைவிட அகலம் மிகுந்த தொட்டி நல்லது. பாறைக்குப் பின்னாலும் நீர் ஓட இடம் கிடைக்கும், ஒளியும் அடிவரை சேரும்.

நீர், கண்ணாடி, மணல், பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்தால் எடை 150 கிலோவைத் தாண்டும். சமமான தரையில், சுவரோரமாக, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரும்புத் தாங்கி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் நல்ல பூச்சு இருக்க வேண்டும். அருகில் உள்ள மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிய பிறகே மேலேறிப் பிளக்குக்குச் செல்லட்டும். ஒயர் வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

நீர்

முதல் தொட்டியில் நான் செய்த பெரிய தவறு வீட்டுச் சமையலறையின் ஆர்.ஓ. நீரை நம்பியது. குடிப்பதற்கான ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். என் இயந்திரத்திலிருந்து வந்த நீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள பொருள்களின் அளவு, 70க்கு மேல் இருந்தது. அந்த எழுபதில் என்ன கலந்திருக்கிறது என்பதை மீட்டர் சொல்லாது. நைட்ரேட்டாக இருக்கலாம், சிலிகேட்டாக இருக்கலாம், பழைய குழாயின் செம்பாகவும் இருக்கலாம். மூன்று மாதம் பாசியோடு போராடிய பிறகுதான் காரணம் புரிந்தது. ஆர்.ஓ. சவ்வுக்குப் பின், எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசின் குழாய் ஒன்றையும் இணைத்து, மீட்டர் 0 காட்டும் நீரை மட்டுமே பயன்படுத்துங்கள். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பிசின் விரைவில் தீர்ந்துவிடும். மீட்டர் 2 அல்லது 3 காட்டத் தொடங்கினால் மாற்றிவிடலாம்.

அந்தத் தூய நீரில் பவளத் தொட்டிகளுக்கென்று விற்கப்படும் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தேவையான அளவில் இல்லை, அது உதவாது. மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ குடத்தில் கடல்நீர் எடுத்து வருவதும் வேண்டாம், கரையோர நீரில் கழிவுநீர் கலந்திருக்கும். ஒரு லிட்டருக்குச் சுமார் 36 கிராம் வீதம், 85 லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ உப்பு தேவைப்படும். முதலில் நீரை வாளியில் நிரப்பி, மோட்டாரால் சுழலவிட்டு, அதன் பின் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெண்மையாகப் படிந்து வீணாகிவிடும். சில மணி நேரம் கலங்கித் தெளிந்த பிறகே பயன்படுத்துங்கள்.

இலக்கு, ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு. ஒப்படர்த்தியில் சொன்னால் ஏறத்தாழ 1.026. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். அதை வெறும் நீரில் சரிபார்ப்பதைவிட 35 என்று குறிக்கப்பட்ட சோதனைக் கரைசலில் சரிபார்ப்பதே நம்பகமானது.

ஆவியாதலைப் பற்றி ஒரு கணக்கு. நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். 85 லிட்டரில் இரண்டு நாளில் 4 லிட்டர் போனால் 35 என்ற உப்பளவு 36.7 ஆகிவிடும். ஆவியான அளவுக்குத் தூய நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு வரைந்து, காலையும் மாலையும் அந்தக் கோடுவரை நிரப்புவது எளிய வழி. கைக்காசு இருந்தால், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வாங்கும் முன்பே தானியங்கி நீர் நிரப்பி ஒன்றை வாங்குங்கள். இவ்வளவு சிறிய தொட்டியில் ஸ்கிம்மர் இல்லாமலும் சமாளிக்கலாம். உப்பளவு ஆடினால் சமாளிக்க முடியாது.

வெப்பமும் மின்வெட்டும்

25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. மே மாதச் சென்னையில் மூடிய அறையின் நீர் தானாகவே 31, 32 டிகிரிக்குப் போகும். மோட்டாரும் விளக்கும் அதற்கு மேலும் வெப்பம் சேர்க்கும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியை வைத்தால் ஆவியாதலின் வழியே இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் கடற்கரை நகரத்தின் ஈரக் காற்றில் அந்தப் பலன் நாளுக்கு நாள் மாறும், நிரப்ப வேண்டிய நீரும் கூடும். ஆண்டு முழுவதும் குளிர்சாதன வசதி இல்லாத அறையென்றால் நீரைக் குளிர்விக்கும் சிறிய சில்லர் ஒன்றுக்குப் பணம் ஒதுக்காமல் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில்லர் தன் பின்பக்கத்தில் சூடான காற்றை வெளிவிடும். அதைத் தாங்கியின் அலமாரிக்குள் அடைத்து வைத்தால் வேலை செய்யாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அவர்களுக்கு ஹீட்டர் தேவை.

மின்சாரம் நின்றால் முதலில் தீர்வது உயிர்வளி. நீரோட்டம் நின்ற தொட்டியில் மீன்கள் சில மணி நேரத்தில் மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கும். மின்சாரம் போனதும் தானே இயங்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் மாட்டி வைத்திருங்கள். நீரோட்ட மோட்டார் சில வாட்டுகளே இழுக்கும் என்பதால் வீட்டு இன்வெர்ட்டரில் அதை மட்டும் இணைத்துவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் தீனியை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். நலமாக உள்ள மீன் சில நாள் பட்டினி தாங்கும். அழுகும் தீனியைத் தொட்டி தாங்காது.

பாறை, மணல், ஓட்டம், ஒளி

1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழிகளும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்துக் காட்டினார். பாறையின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாவே வடிகட்டி என்ற அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. நாம் கடற்பாறைக்குப் பதிலாக நுண்துளைகள் நிறைந்த செயற்கைப் பாறையைப் பயன்படுத்துவோம். பாக்டீரியா வந்து குடியேறக் கூடுதல் காலம் ஆகும், அவ்வளவுதான். 8 முதல் 10 கிலோ போதும். சுவர்போல அடுக்காமல், குகையும் வளைவுமாக, கண்ணாடியைத் தொடாமல் அமையுங்கள். பின்னால் கை நுழைந்து துடைக்க இடம் இருக்க வேண்டும். பாறையை முதலில் கண்ணாடித் தளத்தில் ஊன்றி நிறுத்திவிட்டுப் பிறகு மணலைப் பரப்ப வேண்டும். மணல்மேல் வைத்தால் தோண்டும் மீன் ஒருநாள் பாறையைச் சரித்துவிடும். மணல் 3 செ.மீ. உயரத்துக்கு, அரகோனைட் எனும் சுண்ணாம்பு மணலாக இருக்கட்டும்.

நீரோட்டத்துக்கு மணிக்கு 1,500 லிட்டர் அளவில் தள்ளும் சிறு அலைமோட்டார் ஒன்று போதும். ஒரே திசையில் பீய்ச்சாமல் எதிர்க் கண்ணாடியில் மோதிச் சிதறும்படி திருப்பி வையுங்கள். விளக்கு, நீலம் மிகுந்த எல்.இ.டி.யாக இருக்க வேண்டும். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் அந்த ஒளியில் சமைத்துக் கொடுக்கும் சர்க்கரையே பவளத்தின் முக்கிய உணவு. நாளொன்றுக்கு 8 மணி நேரம், நேரக் கருவியோடு.

முதல் ஆறு வாரங்கள்

நீரும் பாறையும் மணலும் அமைந்து, உப்பளவும் வெப்பமும் சரியாகிவிட்ட தொட்டி பார்வைக்குத் தயாராகத் தோன்றும். இந்த நேரத்தில் மீனை விட்டால் அது தன் கழிவின் அம்மோனியாவிலேயே வெந்து மடியும். அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டும் பாறையில் போதுமான அளவு பெருகும்வரை காத்திருப்பதே 'சைக்கிளிங்' எனப்படுவது.

விளக்கை அணைத்து வையுங்கள். அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் கொண்டுவந்து, பாட்டில் பாக்டீரியாவையும் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பின்னர் நைட்ரைட்டும் இறங்கும். 2 பிபிஎம் அம்மோனியாவைச் சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனை விட்டுச் சுழற்சியைத் தொடங்கும் பழைய வழக்கத்தைச் சில கடைகளில் இன்றும் சொல்வார்கள். தேவையே இல்லாத வதை அது. தயாரானதும் பாதி நீரை மாற்றி, விளக்கைப் போடத் தொடங்கலாம்.

விளக்கு வந்ததும் மணல் பழுப்பாகும். அது டயாட்டம் எனும் நுண்பாசி; சிலிகேட் தீர்ந்ததும் தானே மறையும். அதன்பின் பச்சை இழைப்பாசி வரும், சில வேளை சிவப்புச் சளிபோன்ற படலமும் வரும். புதிய தொட்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பருவத்தைக் கடந்தே தீரும். பலர் தொட்டியைக் கைவிடுவதும் இங்கேதான். மருந்து ஊற்றாதீர்கள். கையால் பிடுங்குங்கள், தீனியைக் குறையுங்கள், டர்போ நத்தை இரண்டும் மணலைக் கிளறும் நசாரியஸ் நத்தை நான்கும் விடுங்கள். பாறையில் ஊதா நிறப் புள்ளிகளாகச் சுண்ணாம்புப் பாசி தென்படத் தொடங்கினால் தொட்டி முதிர்கிறது என்று கொள்ளலாம். இதே காலத்தில், எல்லாவற்றையும் துடைத்தெடுத்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கும் ஆசை வரும். அதுவும் தவறு. முற்றிலும் சத்தற்ற நீரில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும், குமிழிகளோடு தொங்கும் பழுப்புச் சளி பரவும். அதை விரட்டுவது இழைப்பாசியை விரட்டுவதைவிடக் கடினம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும்.

மீன்கள்

இந்த அளவுத் தொட்டிக்கு மூன்று மீன் போதும், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு சோடி முதல் தேர்வு. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்களிலும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் இம்மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன. கடலிலிருந்து பிடித்ததை வாங்க இன்று எந்தக் காரணமும் இல்லை. பண்ணை மீன் தீனிக்கு முன்பே பழகியிருக்கும். அளவில் வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை வாங்குங்கள். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளர்கின்றன. சோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். அவற்றுக்குக் கடற்சாமந்தி (அனிமோன்) தேவையில்லை. முதல் ஆண்டில் கடற்சாமந்தியை விடவே வேண்டாம், அது நகர்ந்துபோய் மோட்டாரில் சிக்கினால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் கெட்டுவிடும்.

நீல டாங் மீனைக் குழந்தைகள் கேட்பார்கள். அது 30 செ.மீ. வரை வளர்ந்து, கடலில் நெடுந்தூரம் நீந்தும் மீன், 60 செ.மீ. தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் நுண்ணிய கணுக்காலிகளை மட்டுமே நாள் முழுவதும் மேயும். புதுத் தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியால் மடியும். இரண்டுக்கும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

வாங்கிய மீனை நேரே பவளத் தொட்டியில் விடாமல், ஸ்பாஞ்ச் வடிகட்டி போட்ட தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் அங்கே செம்பு மருந்து கொடுக்கலாம். பவளத் தொட்டியில் செம்பின் சிறு அளவுகூட நத்தைகளையும் இறால்களையும் கொன்றுவிடும். பவளத் தொட்டிக்குள்ளேயே அந்த நோய் நுழைந்துவிட்டால், மீன்களை எல்லாம் வெளியே எடுத்து 76 நாள் தொட்டியை மீனின்றி வைக்க வேண்டியிருக்கும். பொட்டலத்தைப் பற்றியும் ஒரு சொல்: நெடுந்தூரம் வந்த பையில் கரியமில வாயு நிறைந்திருப்பதால் அமிலத்தன்மை கூடி, அம்மோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி நச்சு விழித்துக்கொள்ளும். ஆகவே பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தபின் அதிக நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்காமல், உப்பளவு ஒத்திருந்தால் விரைவில் மீனை மாற்றிவிடுங்கள். பையின் நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

பவளங்கள்

மூன்றாம் மாதத்துக்கு முன் வேண்டாம். முதலில் காளான் பவளம், அடுத்துத் தோல் பவளம், சோவாந்தஸ், பச்சை நட்சத்திரப் பவளம். கடைசியாகச் சொன்னது தொட்ட பாறையெல்லாம் படரும் என்பதால் தனித் தீவாக ஒரு கல்லில் ஒதுக்கி வையுங்கள். தோல் பவளம் பிறவற்றை ஒடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் விடும். ஒரு சிறு பை செயலூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) நீரோட்டத்தில் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். புதிய பவளத்தை முதலில் தரையில், குறைந்த ஒளியில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மேலேற்றுங்கள். விரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நாளுக்கொரு இடம் மாற்றுவதுதான் புதியவர் கையில் பவளம் சாவதற்குப் பெரிய காரணம்.

சோவாந்தஸ் பற்றி எச்சரிக்கையோடு எழுதுகிறேன். அவ்வகையின் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்டாதீர்கள், கையில் காயமிருந்தால் தொடாதீர்கள். அவை ஒட்டியுள்ள பாறையை வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ எக்காரணம் கொண்டும் கூடாது. ஆவியில் கலந்த நஞ்சால் வீட்டார் அனைவரும் மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வகையைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

வாரத்தின் வேலை

வாரம் ஒருமுறை 8 லிட்டர் நீரை மாற்றுங்கள். புதிய நீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். காரத்தன்மை அதன் அலகான டி.கே.எச்.இல் 8 முதல் 9, கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1,300 பிபிஎம் என்ற அளவுகளை மென்பவளத் தொட்டியில் இந்த நீர்மாற்றமே காத்துவிடும். தனியே கரைசல்கள் ஊற்றத் தேவையில்லை. காரத்தன்மையையும் நைட்ரேட்டையும் வாரந்தோறும் சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓர் எண் தவறாகத் தெரிந்தால் மறுநாள் மீண்டும் சோதித்துவிட்டே எதையும் செய்யுங்கள். அவசரமாகச் சரிசெய்யும் கை, பிழையான எண்ணைவிட அதிகக் கேடு செய்யும்.

ஊருக்குப் போகும்போதுதான் தொட்டிக்கு ஆபத்து. பொங்கலுக்கு நான்கு நாள் செல்வதென்றால், நீர் நிரப்பியின் வாளியை முழுதாக நிரப்பி, சில்லரின் அமைப்பைச் சரிபார்த்து, கிளம்பும் அன்று எந்தப் புதிய மாற்றமும் செய்யாமல் புறப்படுங்கள். அதற்கும் மேல் என்றால் பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒரு வேளைக்கு வேண்டிய தீனியைச் சிறு காகிதப் பொட்டலங்களாக மடித்து, ஒவ்வொன்றின் மேலும் தேதியை எழுதி, நீர் இறங்கக் கூடாத கோட்டைக் கண்ணாடியில் காட்டி, அதற்குக் கீழே இறங்கினால் எந்த வாளியின் நீரை ஊற்ற வேண்டும் என்பதை ஒருமுறை அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.